யாரை யாரிடமிருந்து காப்பது?

எருமப்பட்டியில் எங்கள் தெருவுக்கு லாரி புதுசல்ல. கிளீனராகப் போனவர்கள் டிரைவராகித் திரும்புவார்கள். சிலர் நோயோடும் திரும்பினார்கள். அப்படி ஒரு டிரைவரும் அவர் பெண்சாதியும் அடுத்தடுத்துச் செத்துப்போக, அவர்கள் மகன் ஆயாவிடம் வளர்ந்தான். என்னைவிட நாலு வயசு சின்னவன். அவனுக்கும் எச்.ஐ.வி. இருந்தது.

"அவனூட்டுச் சொம்பத் தொட்டுறாதடா"ன்னு அம்மா சொன்னாள். நான் தொடவில்லை. அவன் தண்ணி கேட்டா, எங்க குடத்துல கையோட டம்ளர முக்கி எடுத்து, அவன் குவிச்ச கையில தூக்கி ஊத்துவேன். ஊருக்குள்ள எங்க தாத்தனுக்கு எப்படி ஊத்துனாங்களோ, அதே உயரத்துலருந்து. அப்போது எனக்கு அது தப்பாகவே படவில்லை.

அவனுக்கு அடிக்கடி வயித்தால போகும். 2002 கோடையில் அப்படியே போய்ச் சேர்ந்தான். அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியதே 2004 ஏப்ரலில்தான்.

பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். எச்.ஐ.வி. டம்ளரில் தொற்றாது, தண்ணீரில் தொற்றாது, தொட்டால் தொற்றாது. பேதிக் கிருமி இந்த மூன்று வழியிலும் போகும். வெளிக்குப் போய்விட்டுச் சோப்புப் போடாமல் குடத்துக்குள் விட்ட கை போதும். எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்கு அந்தப் பேதி லேசில் நிற்காது. நீரும் உப்பும் போய், தின்றது ஒட்டாமல் இளைத்து, அடுத்த பேதிக்கு உடம்பு தோதாகிவிடும். ஆக, அவனிடமிருந்து எனக்கு வர ஒன்றுமில்லை. என்னிடமிருந்து அவனுக்குப் போகத்தான் இருந்தது. காவலை எதிர்ப்பக்கம் போட்டிருந்தோம். அவன் சாவுக்கு என் கை காரணமா? தெரியாது. இல்லையென்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

நண்பர் ஒருவர் கேட்டார்: "சுத்தம் சுத்தம்ங்கறதும் தீட்டு பாக்கறதும் ஒண்ணுதான தோழர்?" யோசித்துப் பார்த்தேன். தீட்டு ஆளைப் பார்க்கும், விலகச் சொல்லும். கிருமி ஆளைப் பார்க்காது. அதைத் தடுக்க நினைக்கிறவன் கையைச் சோப்பால் கழுவிக்கொண்டு பிள்ளையின் பக்கத்தில் வரவேண்டும். ஊட்டவேண்டும், கால் கழுவிவிட வேண்டும், மடியில் போட்டுக்கொள்ள வேண்டும். தீட்டுப் பார்க்கிறவனால் அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற முடியாது.

செய்யவேண்டியவை சின்னச் சின்ன வேலைகள்தாம். தண்ணீரைக் கொதிக்கவைத்து மூடிவை. பிடி வைத்த கரண்டியால் மொள்ளு. தாய் ஏ.ஆர்.டி. மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொண்டு தாய்ப்பால் கொடுத்தால், முதல் ஆறு மாசம் வேறெதையும் கலக்காதே. ஆறாவது வாரத்திலிருந்து டாக்டர் தரும் கோட்ரிமாக்சசோல் மருந்தை விடாதே. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தைத் தவறவிடாதே. பேதி கண்டால் உப்புச் சர்க்கரைக் கரைசல், 14 நாள் துத்தநாக மாத்திரை. பாலையும் கஞ்சியையும் நிறுத்தாதே.

இதையெல்லாம் ஆயாவிடமும் அந்தக் காலத்தில் யாரோ பாதி சொல்லியிருக்கிறார்கள். அவர் என்னிடம் சொன்னார்: "சோறாக்கவே வெறகு இல்ல கண்ணு, தண்ணியக் காய்ச்ச நான் எங்க போவேன்?" புத்திமதி சரிதான். அது முழுக்க ஒரு கிழவியின் தலையில் இறங்கியதுதான் அநியாயம். குழாயும் கக்கூசும் வராத தெருவில் 'கை கழுவு' என்பவர், பிள்ளைக்கு ஏதாவது ஆனால் பழி யார்மேல் என்பதையும் அப்போதே சொல்லிவிடுகிறார்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் பிள்ளைகள் நோயில் விழுந்தார்கள். போய்ப் பார்த்தால், மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் மலம். அங்கே எந்தத் தாயிடம் போய்க் கை கழுவினாயா என்று கேட்பது?

எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பள்ளியிலும் மருத்துவமனையிலும் ஒதுக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. நல்லது. ஆனால் சொம்பைத் தொடாதே என்றது என் அம்மா. கேட்டது நான். எந்தச் சட்டமும் எங்கள் திண்ணைக்கு வந்து பார்க்கவில்லை. குழாய்க்காகப் பஞ்சாயத்து வாசலில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குவிந்த கை ஞாபகம் வருகிறது. கேட்கவேண்டியதைக் கேட்கத்தான் நிற்கிறேன். கொடுக்கவேண்டியதைக் கொடுக்காதவனாகவும் நிற்கிறேன்.