நுனியில் மிஞ்சிய பச்சை



நம் நீலகிரியில் ரோஸ்மேரியை அறியாதவர் யார்? உங்களில் சிலர் அதைப் பயிரிட்டே பிழைக்கிறீர்கள். பங்கு இல்லத்துத் திண்ணையிலும் ஒரு தொட்டி இருந்தது. போன ஆண்டு இதே ஜூன் மழையில் அந்தச் செடி வாடத் தொடங்கியது. பதறிப்போய் நான் இன்னும் தண்ணீர் ஊற்றினேன். ஒரு நாள் தொட்டியைக் கவிழ்த்தால், வேர்கள் கறுத்திருந்தன, தொட்ட இடத்தில் தோல் உரிந்து வந்தது. மண் காயவே இல்லை. பூஞ்சை பெருகி வேரை அழுகச் செய்திருந்தது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே ஈரத்தில் நின்றுகொண்டே அந்தச் செடி தாகத்தில் வாடியது.

குப்பையில் போடப் போனேன். பூசைக்கு வந்த ஓர் அம்மா தடுத்தார். "நுனி இன்னும் பச்சையாத்தானே இருக்கு சாமி, எறிஞ்சிடாதீங்க."

கத்தியைக் கொதிநீரில் கழுவி, பூக்காத ஒரு நுனியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே, 10 செ.மீ. நீளத்தில் வெட்டினார். கீழ்ப்பாதி இலைகளை உருவினார். மணலும் தேங்காய் நார்க்கழிவும் கலந்து, அடியில் துளையுள்ள புதுத் தொட்டியில் நட்டார். பழைய மண்ணில் ஒரு பிடிகூடச் சேர்க்கவில்லை.

இன்றைய முதல் வாசகத்தை நினைத்துப் பாருங்கள். கி.மு. 597இல் பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டவர்களுள் ஒருவர் எசேக்கியேல். வேரோடு போய்விட்டோம் என்று அழுத மக்களிடம் அவர் பேசுகிறார்: கேதுருவின் உச்சியிலிருந்து ஓர் இளந்தளிரைக் கடவுளே கொய்து, உயர்ந்த மலைமேல் நடுவார். அந்த அம்மாவின் கையில் நான் அந்த வாசகத்தைக் கண்டேன்.

அன்பர்களே, குடியால் அழுகிவிட்டான் என்று நாம் கைவிட்ட மகன் இருக்கிறானா? பேச்சே நின்றுபோன அண்ணன் தம்பி உண்டா? "இனி எனக்கு மன்னிப்பு ஏது" என்று நம்மையே நாம் ஒதுக்கிவிட்டோமா? ஆண்டவர் அழுகலைப் பார்க்காமல் இல்லை. ஆனால் மிஞ்சியிருக்கும் பச்சையை முதலில் பார்க்கிறார். ஒரு விரல் நீளம் போதும் அவருக்கு.

நட்டபின் 6 முதல் 8 வாரம் காத்திருக்க வேண்டும். வேர் விட்டதா என்று பிடுங்கிப் பார்க்க என் கை துடித்தது. இன்றைய நற்செய்தியின் விவசாயியோ தூங்குகிறார், எழுகிறார். விதை அவர் அறியாமலே வளர்கிறது. நாம் நேசிப்பவர்களை, கண்ணீரும் அறிவுரையுமாக ஊற்றி மூழ்கடிக்கிறோமா?

மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர், அதுவும் காலையில், இலை நனையாமல் அடியில். செடிக்குச் செடி காற்றோட இடம். வேர் பிடித்ததும் நல்ல வெயில். பூஞ்சையைத் தடுக்க அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான். நம் பாவமும் மூடிவைத்த ஈரத்தில்தான் பெருகுகிறது. ஒப்புரவு அருட்சாதனம் அந்த மூடிய இடத்தின் கதவைத் திறக்கிறது. உள்ளே வருவது தண்டனை அல்ல, வெளிச்சம்.

அந்த நுனி இன்று என் இடுப்பு உயரத்துக்குக்கூட வரவில்லை. ஆனாலும் புதர்போல் அடர்ந்து நிற்கிறது. திருப்பலி முடிந்ததும் வாருங்கள். வேர் பிடித்த சில குச்சிகளைச் சிறு தொட்டிகளில் வைத்திருக்கிறேன். யாரை நாம் கைவிட்டோமோ அவர் பெயரைச் சொல்லி, ஒன்றை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். ஆமென்.