இளைப்பாறுதலை எந்த வயதில் வாங்குவது?

மலைவாழிடங்களிலும் கடலோரங்களிலும் விடுதி நடத்தும் நிறுவனங்கள் சில, ஒரு பெருந்தொகையை முன்னதாகப் பெற்றுக்கொண்டு, ஆண்டுக்கு ஏழு நாள் வீதம் 25 ஆண்டுகளுக்குத் தங்கும் உரிமையை வழங்குகின்றன. டைம்ஷேர் என்று அதற்குப் பெயர்; காலப்பங்கு என்று நாம் தமிழில் கூறிக்கொள்ளலாம். இதனை வாங்கலாமா, கூடாதா என்பது ஒரு கேள்வி. வாங்குவதாயின் வாழ்வின் எப்பருவத்தில் வாங்குவது என்பது மற்றொரு கேள்வி. முதற் கேள்வி பணப்பையைப் பற்றியது. இரண்டாவதோ நம் நாட்களை நாம் எப்படி எண்ணுகிறோம் என்பதைப் பற்றியது. ஆதலால் அதனையே இங்குச் சற்று விரிவாகச் சிந்திக்க விழைகிறோம்.

காரைக்காலுக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே, நெல் வயல்களின் நடுவே கிடக்கும் வரிச்சிக்குடி போன்ற சிற்றூரில் இக்கேள்வி எழுமா என்று நகரத்து வாசகர் ஐயுறக்கூடும். எழவே செய்கிறது. வளைகுடா நாடுகளிலிருந்தும் பிரான்சிலிருந்தும் பிள்ளைகள் அனுப்பும் பணம் வீடு கட்டி முடித்தபின் வேறு வழி தேடுகிறது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சொல்தாக்களின் குடும்பங்களும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இப்பகுதியில் உள்ளனர். நகரத்து விடுதி ஒன்றில் இரவு விருந்து என்றும், பரிசு உண்டு என்றும், கணவனும் மனைவியும் தவறாது சேர்ந்தே வர வேண்டும் என்றும் அழைப்பு வருகிறது. சென்றவர்கள் கையொப்பமிடுமுன்னரோ, பெரும்பாலும் கையொப்பமிட்ட பின்னரோ, நம்மிடம் வந்து கேட்கிறார்கள்.

பங்கும் முறையும் நம் மண்ணுக்குப் புதியவை அல்ல. காவிரியின் கடைமடையில் வாழும் நாம் தண்ணீரை முறைவைத்துப் பெற்றே பழகியவர்கள். காவிரி நடுவர் மன்றம் 2007-ஆம் ஆண்டு வழங்கிய இறுதித் தீர்ப்பில் புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு, அதாவது காரைக்கால் வயல்களுக்கு, ஆண்டுக்கு 7 டி.எம்.சி. என வகுத்தது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அவ்வளவை மாற்றவில்லை. ஆயினும் தாளில் உள்ள 7 டி.எம்.சி. வேறு, நாற்றங்கால் காயும் வாரத்தில் வாய்க்காலில் வந்து சேரும் தண்ணீர் வேறு. இதனை வரிச்சிக்குடி உழவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. காலப்பங்கிலும் இதே நிலைதான். உரிமை உண்டு, வேண்டிய வாரத்தில் அறை உண்டா என்பதே கேள்வி. மகிந்திரா நிறுவனம் தன் திட்டத்தில் ஆண்டை ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என நிறங்களால் பருவம் பிரித்து விற்றது. பள்ளிகள் மூடியிருக்கும் கோடையில் உதகைக்குப் போக விலைமிகுந்த நிறம் வேண்டும். விலை குறைந்த நிறத்தை வாங்கியவர், பிள்ளைகளுக்குத் தேர்வு நடக்கும் நாட்களிலோ மழை கொட்டும் நாட்களிலோதான் மலையேற இயலும். ஆகவே மலிவான பங்கு பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றதன்று. ஆனால் அவ்வீட்டாரே பணமுடையின் காரணமாக அதனைத் தேடிச் செல்கிறார்கள்!

இவ்வணிகம் பிறந்த வரலாறும் நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. 1960-களில் ஐரோப்பாவில், சிறப்பாகப் பிரான்சின் ஆல்ப்சு மலையில், இது தோன்றிற்று. அதற்கு முன்னரே, 1936-இல், பிரான்சில் தொழிலாளர் அனைவருக்கும் ஆண்டுக்கு இரு வாரம் சம்பளத்துடன் கூடிய விடுப்பு சட்டமாகியிருந்தது. 1982-இல் அது ஐந்து வாரமாயிற்று. அங்கு முதலில் ஓய்வுநாட்கள் மனிதனுக்கு உரிமையாயின. அந்நாட்களைக் கழிக்க அறை பின்னர் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் இவ்வரிசை தலைகீழாயிற்று. சென்னையில் 1986-இல் ஸ்டெர்லிங் நிறுவனமும், 1996-இல் மகிந்திராவின் விடுமுறை நிறுவனமும் தொடங்கப்பெற்றன. அரசு ஊழியரும் பெரிய ஆலைத் தொழிலாளரும் நீங்கலாக, நம்மில் யாருக்கு ஆண்டுக்கு ஏழு நாள் ஓய்வு உறுதி? மளிகைக் கடைக்காரருக்கு உண்டா? மாடு வைத்திருப்பவருக்கு உண்டா? வீட்டுத் தாய்க்கு உண்டா? ஏழு நாட்கள் கையில் இல்லாதவர் ஏழு நாட்களுக்குரிய அறையை வாங்குகிறார். அறை வந்தால் நாட்கள் தாமே வந்துவிடும் என்பது அவரது நம்பிக்கை.

இடைக்கால மறைவல்லுநர்கள் வட்டி வாங்குவோரைக் கடிந்துரைத்தபோது ஒரு வியப்பான காரணம் கூறினர். வட்டிக்காரன் விற்பது காலத்தை. காலமோ அவனுக்குச் சொந்தமானதன்று, இறைவனுக்குரியது என்றனர். அவ்வளவு கடுமையான தீர்ப்பைக் காலப்பங்கின்மீது சுமத்த நாம் துணியவில்லை. அது முறையான வணிகம். அதனால் மகிழ்ந்தோரும் பலர். எனினும் அம்மறைவல்லுநரின் சொல் வாங்குவோரின் பக்கம் திரும்பும்போது கூர்மை பெறுகிறது. நம் கையில் இல்லாத ஒன்றுக்கு நாம் விலை கொடுக்கிறோம். நாளை இந்நகருக்குச் செல்வோம், அங்கு ஓராண்டு தங்குவோம் என்று திட்டமிடுவோரை யாக்கோபு தம் திருமுகத்தில் எச்சரித்ததை வாசகர் அறிவர். அவர் அங்குத் திட்டமிடுதலைப் பழிக்கவில்லை. நாளை என்பதைத் தன் உடைமையாக எண்ணும் மனத்தையே பழிக்கிறார்.

இத்தகைய விற்பனைக்குப் பழைய ஏற்பாட்டிலேயே ஓர் அளவுகோல் உண்டு. லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரம் நிலவிற்பனையைப் பற்றிப் பேசுகிறது. யூபிலி ஆண்டில் நிலம் பழைய உரிமையாளரிடம் திரும்பிவிடும். ஆதலால் விற்கப்படுவது நிலம் அன்று, இடையில் உள்ள விளைச்சல்களின் எண்ணிக்கையே. ஆண்டுகள் மிகுந்தால் விலை மிகும், குறைந்தால் குறையும். காலப்பங்கு வாங்குவோரும் இவ்வாறே எண்ண வேண்டும். ஒப்பந்தத்தில் உள்ள ஆண்டுகளை எண்ணினால் போதாது. நம் வீட்டில் எஞ்சியுள்ள விளைச்சல்களை எண்ண வேண்டும். நாற்பது வயதுத் தந்தை ஒருவர் உறுப்பினராகிறார். மூத்த பிள்ளைக்கு வயது பன்னிரண்டு. இன்னும் ஆறே ஆண்டுகளில் அப்பிள்ளை கல்லூரி விடுதிக்குச் செல்லும்; பின்னர் வேலைக்குச் செல்லும். அதற்குப்பின் வீடு முழுதும் ஒன்றுகூடும் வாரம் ஒரு திருமணத்திற்கோ துக்கத்திற்கோ அமைந்தால் உண்டு. அவ்வாறாயின் அவர் விலை கொடுத்தது 25 ஆண்டுகளுக்கு. அவர் மனம் விரும்பிய காட்சியோ ஆறு ஆண்டுகளுக்கே உரியது. எஞ்சிய பத்தொன்பது ஆண்டுகள் வீண் என்று கூறவில்லை. ஆனால் அவை அவர் வாங்குவதாக எண்ணிய பொருள் அல்ல. நிறுவனத்தாரும் இதனை உணர்ந்தவர்களே. 25 ஆண்டுத் திட்டத்தோடு, ஐம்பதைக் கடந்தோர்க்கெனப் பத்தாண்டுத் திட்டம் ஒன்றையும் மகிந்திரா நிறுவனம் பின்னாளில் கொண்டுவந்ததே அதற்குச் சான்று.

கணக்கையும் சிறிது பார்த்துவிடுவோம். கற்பனையாக, ஒருவர் 5 இலட்சம் ரூபாய் செலுத்துகிறார் எனக் கொள்வோம். அதனை 7 விழுக்காடு வட்டி தரும் வைப்பில் இட்டு, 25 ஆண்டுகளில் முதலும் வட்டியுமாகக் கரைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 43,000 ரூபாய் கிடைக்கும். பராமரிப்புக்கென ஆண்டுதோறும் செலுத்தும் சந்தாவை 20,000 எனக் கொண்டால் மொத்தம் 63,000. ஏழு இரவுக்குப் பங்கிட்டால் இரவுக்கு 9,000. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையே செல்வோர்க்கு அது 18,000 ஆகிவிடும். அறைவாடகை ஆண்டுதோறும் ஏறும் என்பது உண்மை. சந்தாவும் உடன் ஏறும் என்பதும் உண்மை. பயன்படுத்தாத நாட்களைப் பின்னாளுக்குத் தள்ளிவைக்க இடமுண்டு என்பர். இவ்வாண்டு கிடைக்காத ஓய்வு வரும் ஆண்டில் இரட்டிப்பாகக் கிடைக்கும் என்று நம்புவோர், முதலில் இவ்வாண்டு அது ஏன் கிடைக்கவில்லை என்று தம்மையே கேட்டுக்கொள்வது நலம்.

ஆயினும் கணக்கு இங்கு முதன்மையானதன்று. 25 ஆண்டுக்குக் கையொப்பமிடுபவர் உண்மையில் செய்வது என்ன? இன்று இருக்கும் தாம், இனி வரப்போகும் தம்மைக் கட்டுகிறார். அறுபது வயதில் எப்படி இருப்போம், யார் உடனிருப்பார், கால் நடக்குமா என அறியாமலே, அந்த மனிதரின் பெயரால் வாக்களிக்கிறார். வாக்களிப்பதைப் பற்றித் திரு அவைக்கு நெடிய பட்டறிவு உண்டு. துறவறத்தில் நுழைவோர் எவரையும் அது உடனே நித்திய வார்த்தைப்பாட்டுக்கு அழைத்துச் செல்வதில்லை. முதலில் நவதுறவகம், குறைந்தது ஓராண்டு. பின்னர்த் தற்காலிக வார்த்தைப்பாடு, குறைந்தது மூன்றாண்டு. அதன் பின்னரே வாழ்நாள் வாக்கு. இளமை ஆர்வம் பொய் என்பதற்காக இவ்வேற்பாடு செய்யப்படவில்லை. ஆர்வம் பழக்கமாக ஊறியபின் தரும் வாக்கே தாங்கும் என்பதற்காகச் செய்யப்பட்டது.

எனவே எந்த வயதில் என்று கேட்போருக்கு நாம் வயதைக் கூறுவதில்லை. நவதுறவகத்தை முடித்துவிட்டீர்களா என்றே கேட்கிறோம். கடந்த மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, வாடகை கொடுத்தாயினும், வீட்டைப் பூட்டிக்கொண்டு ஐந்தாறு நாள் வெளியே சென்று இளைப்பாறி வந்ததுண்டா? உண்டு என்பவர் முப்பது வயதினராயினும் வாங்கத் தகுதியுடையவர். தமக்கு என்ன வேண்டும் என்பதை அவர் அறிவார். ஒருமுறைகூடச் சென்றதில்லை என்பவர் ஐம்பது வயதினராயினும் காத்திருக்கலாம். புதுமணத் தம்பதியரைப் பற்றிப் பேச மிகுதியில்லை. வீட்டுக்கடனும் முதற்பேறும் முன்னிற்க, அவர்கள் இதில் இறங்க வேண்டிய அவசரம் யாதும் இல்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. நண்பர் ஒருவர் நம்மிடமே அதனைக் கூறினார். பழக்கம் உள்ளவர்க்குக் கட்டுப்பாடு எதற்கு, பழக்கம் இல்லாதவர்க்கே கட்டுப்பாடு வேண்டும். பணம் போய்விடுமே என்ற அச்சமாவது கடைக்காரரைக் கடையிலிருந்து எழுப்பாதா என்றார். இதனை எளிதில் தள்ள இயலாது. ஞாயிறு ஓய்வைக் கட்டளையாகவே நாம் பெற்றோம். மனிதன் தானே ஓய்ந்திருக்க மாட்டான் என்பதை இறைவன் அறிந்திருந்தார் போலும். அச்சத்தால் சென்று மகிழ்ச்சியோடு திரும்பியோரையும் கண்டிருக்கிறோம். ஆனால் ஓய்வுநாள் கட்டளை எவரிடமும் முன்பணம் கேட்பதில்லை. தவறிய வாரத்திற்குச் சந்தா வாங்குவதும் இல்லை. மேலும் அது வேலைக்காரருக்கும் வீட்டு விலங்குகளுக்கும் சேர்த்தே தரப்பட்டது. இந்த ஏழு நாளோ, சமையலறையுடன் கூடிய அறையாக அமைந்து, தாய் அங்கும் காலையில் எழுந்து இட்லி ஊற்றும் நாட்களாகவே பல குடும்பங்களில் கழிகிறது. அடுப்பு மட்டும் இடம் மாறியது! திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் ஞாயிறு ஓய்வோடு ஆண்டு விடுப்பையும் உழைப்பாளரின் உரிமையாகச் சேர்த்துரைத்தார். வீட்டில் உழைப்பவரை அவ்வுரிமைக்கு வெளியே நிறுத்துவது எவ்வகையில் நீதி? கையொப்பமிடும் முன் கணவன் மனைவியிடம் கேட்க வேண்டிய கேள்வி, எந்த ஊர் என்பதன்று. அங்கு யார் சமைப்பது என்பதே.

அன்றே முடிவெடுங்கள், நாளை இவ்விலை இராது என்று விருந்து மேசையில் கூறப்படுவதைப் பற்றியும் ஒரு சொல். ஐரோப்பிய ஒன்றியம் 2009-ஆம் ஆண்டு ஆணை ஒன்றின் வாயிலாக, இத்தகைய ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர் 14 நாளுக்குள் காரணம் கூறாமலே விலகிக்கொள்ளலாம் என்றும், அந்நாட்களில் முன்பணம் பெறலாகாது என்றும் விதித்தது. நம் நாட்டில் இவ்வணிகத்திற்கெனத் தனிச்சட்டம் இல்லை. பொதுவான நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே துணை. சட்டம் தராத அந்த இரு வாரத்தை நாமே நமக்கு அளித்துக்கொள்ளத் தடை ஏதும் இல்லை.

முதியோரைப் பற்றியே நமக்குக் கவலை மிகுதி. அறுபதில் ஓய்வுபெற்றவருக்கு நாட்கள் உண்டு, கையில் பணமும் உண்டு. விலை குறைந்த நிறம்கூட அவருக்குப் பொருந்தும். ஆனால் 25 ஆண்டு முடியும்போது அவருக்கு வயது 85. மூட்டுவலி வந்த ஆண்டிலும் சந்தா வரும். அவ்வப்போது வாடகைக்கு அறை எடுப்பது அவருக்கு மேல். போகாத ஆண்டில் செலவும் இல்லை. இருந்தும் இப்பருவத்தில்தான் நம் பகுதியில் காலப்பங்கு மிகுதியாக வீடு தேடி வருகிறது. பெற்றோர் தாமே வாங்குவதில்லை, கடல் கடந்த பிள்ளைகள் அவர்களுக்குப் பரிசாக வாங்கி அளிக்கிறார்கள். அன்பினால் அளிப்பது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறை வர இயலாத மகன், தான் வராத வாரத்திற்கு ஈடாக ஒரு வாரத்தை அனுப்பும்போது, பெற்றோர் அதனை எவ்வாறு பெறுகிறார்கள் என்பதை அருகிலிருந்து காண்கிறோம். கொடைக்கானல் போய்வந்த தம்பதியர் படங்களைக் காட்டுகிறார்கள். ஏரி, படகு, மூடுபனி. எல்லாப் படங்களிலும் அவர்கள் இருவர் மட்டுமே.

அவர்களுள் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், இவ்வாண்டுக்குரிய ஏழு நாளை இன்னும் பதிவு செய்யவில்லை. எந்த மாதம் உனக்கு விடுப்பு என்று பாரிசில் உள்ள மகனைக் கேட்டிருக்கிறார். ஆகஸ்டில் கிடைக்கலாம் என்று விடை வந்திருக்கிறது. ஆகஸ்டு 29-இல் வேளாங்கண்ணியில் கொடியேற்றம். அவ்வாரமாயின் மலைக்கே போக வேண்டியதில்லை என்கிறார் அவர் மனைவி.