தேய்வதற்கென அமைந்த உறுப்பும் மூலநிலையும்

பழைய மோட்டார் வாகனமொன்றை மீளமைப்போர், அதன் மூலநிலை கெடாது பேணுதலே தம் கடமை என்பர். வர்ணம், இருக்கைத் தோல், முகவிளக்கு முதலியன பற்றி இவ்வாறு கூறுவதில் இடர்ப்பாடு அதிகமில்லை. கண்ணுக்குப் புலனாகாத கிளச்சினை நோக்குமிடத்தே மூலநிலை என்பது யாது என்னும் வினா கூர்மை பெறுகின்றது.

1948 முதல் 1971 வரை இங்கிலாந்திற் செய்யப்பட்ட மொறிஸ் மைனரை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் பறப்புச்சில்லுக்கும் விற்சுருள்களால் அழுத்தப்படும் தட்டுக்கும் இடையே, இருபுறமும் உராய்வுப் பட்டை பொருத்திய மெல்லிய வட்டத் தட்டொன்று இறுகப் பிடிக்கப்பட்டுள்ளது. மிதியை அழுத்துகையில் அப்பிடி தளர்கின்றது. விடுகையில் மீளப் பற்றுகின்றது. பற்றும் ஒவ்வொரு தடவையும் பட்டை சிறிது தேய்கின்றது. தேய்வதற்கென்றே அது செய்யப்பட்டது. சிலையொன்றின் மூக்கு உடைதல் இழப்பாகும். கிளச்சுப் பட்டை தேய்தலோ அதன் தொழில். ஆகவே, கட்டடங்களையும் சிற்பங்களையும் பேணுவோர் வகுத்த மூலநிலைக் கோட்பாட்டை இவ்விடத்து அப்படியே பெயர்த்து வைத்தல் பொருந்தாது. தன் உறுப்பு மாற்றப்படும் என்பதை எதிர்நோக்கியே உருவாக்கப்பட்ட பொருளில், மாற்றத்துக்கு இடமளித்தலும் மூலநிலையின் ஒரு கூறேயாம்.

ஒரு சாரார் இதனை ஏற்பதில்லை. அக்காலப் பட்டைகள் அஸ்பெஸ்ரஸ் கலந்தவை. எனவே பழைய இருப்பிலிருந்து அத்தகைய பட்டையையே தேடிப் பொருத்துதல் வேண்டும் என்பர். அத்தூசு நுரையீரலுட் புகுந்து, பல்லாண்டுகளின் பின் புற்றுநோய்க்கு ஏதுவாதல் இன்று ஐயமற அறியப்பட்டுள்ளது. பிரித்தானியா 1999இல் வெண் அஸ்பெஸ்ரஸையும் தடைசெய்தது. பழைய வாகனங்களுக்கான அனைத்துலகச் சம்மேளனம் 2012இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனமும், மூலப்பொருள்களுக்கு முதன்மை அளிப்பினும், பாதுகாப்புக்கு ஊறு நேருமிடத்து விலக்கு அளிக்கின்றது. சாசனம் இல்லாதிருப்பினும் முடிவு வேறாகாது. உரிமையாளரின் பழைமை நாட்டத்துக்காக, நாளை அதனைத் திறக்கும் தொழிலாளி தன் மூச்சைக் கொடுத்தல் நீதியன்று.

இதனினும் நுண்ணியது சரிசெய்தல் பற்றிய வினா. மிதியின் தொடக்க அசைவு, ஏறக்குறைய முக்கால் அங்குலம், எதிர்ப்பின்றி அமைதல் வேண்டும். இவ்வெற்றசைவு இல்லாவிடின், பிடியை விடுவிக்கும் காபன் வளையம் ஓயாது உரசித் தேயும், கிளச்சு வழுக்கும். மிகுந்தாலோ பிடி முற்றாக விடாது. கியர் மாற்றுகையிற் பற்கள் அரைபடும். பட்டை தேயத் தேய வெற்றசைவு குறையும். வாகனத்தின் கீழுள்ள கோலின் நட்டைத் திருப்பி அதனை மீளப் பெறலாம். உரிய பராமரிப்பு இதுவே. ஆனால், பட்டை தறையாணித் தலைகளை அண்மிய நிலையிலும் அதே நட்டு அதே வெற்றசைவைச் சிறிது காலத்துக்குத் தரும். விற்பனைக்கு முதல்நாள் இதனைச் செய்தால் வாகனம் குறையற்றதாகவே தோன்றும். கை ஒன்று, சாவி ஒன்று, திருப்பிய அளவும் ஒன்று. முன்னையது தொழில், பின்னையது வஞ்சனை.

1990இன் பின் பொருளாதாரத் தடைக்குட்பட்ட யாழ்ப்பாணத்தில், பெற்றோல் இன்மையாற் பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. உதிரிப்பாகங்களும் எளிதிற் கிடைக்கவில்லை. அத்தகைய நிலையில், எஞ்சிய பட்டையை நட்டைத் திருப்பித் திருப்பி இறுதிவரை பயன்படுத்துபவரை எவரும் குறைகூறார். திருத்துபவரும் ஓட்டுபவரும் அதன் நிலையை ஒருங்கே அறிந்திருப்பர். விற்பவர் மட்டும் அறிந்து வாங்குபவர் அறியாதிருக்கும்போதே அச்செயல் குற்றமாகின்றது.

பழைய கியர்த் தண்டொன்றைச் செருகித் தட்டை மையப்படுத்தல், கியர்ப் பெட்டியின் பாரம் தட்டின்மேல் தொங்காது தாங்குதல், ஆணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாய் இறுக்கல் ஆகிய எதனையும் வாங்குபவர் காணார். பொருத்திய பட்டை எத்தகையது, எவ்வளவு தடிப்புடையது என எழுதிக் கையளிக்கும் மீளமைப்பாளர் சிலரே. அக்கோலிற் புரி எவ்வளவு எஞ்சியுள்ளதெனக் குனிந்து பார்த்து வாங்குவோர் அவர்களினும் சிலர்.