சொல்லை நம்பி வந்த நெல்

குமராட்சிப் பக்கம் நெல்லைக் கடனுக்குக் கொடுக்கும் விவசாயி, வாங்குகிறவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று கேட்பதில்லை. போன போகத்துக்குப் பணம் ஒழுங்காக வந்ததா என்றுதான் பார்ப்பார். கிறிஸ்தவ விசுவாசத்துக்கும் இதைவிடக் கண்டிப்பான சோதனை கிடையாது. ஞாயிறு ஆராதனையும் உபவாசமும் காணிக்கையும் சபைக்குத் தெரியும். திங்கட்கிழமை களத்துமேட்டில் அந்த மனிதரின் வாக்கு செல்லுமா என்பதை வெளியாள்தான் சொல்ல முடியும்.

1781-இல் கொள்ளிடத்துக்கு அக்கரையில் அப்படிச் சொன்னார்கள். இக்கரையில் மைசூர் ஹைதர் அலியின் ஆட்கள் சிதம்பரம் கோயிலையே கோட்டையாக்கியிருந்தார்கள். ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் பெரும்போர். தஞ்சைக் கோட்டைக்குள்ளோ பட்டினி. சுற்று வட்டாரத்தில் நெல் இருந்தது, கொண்டுவர மாடு இல்லை. உள்ளபடி சொன்னால் மாடும் இருந்தது, நம்பிக்கைதான் இல்லை. முன்பு கொடுத்ததற்கே கூலி வராத குடியானவர்கள் அரசனையும் நம்பவில்லை, கிழக்கிந்தியக் கும்பினியையும் நம்பவில்லை.

தஞ்சையிலிருந்த பாதிரியார் சுவார்ட்ஸ் ஓலை அனுப்பினார்: பணத்துக்கு நான் பொறுப்பு. ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் போனது. சொன்னபடி பணமும் கைக்கு வந்தது. அனுப்பியவர்களில் பெரும்பாலோர் அவருடைய சபையில் சேராதவர்கள்.

அந்த நம்பிக்கை ஒரே நாளில் விளைந்ததல்ல. 1750-இல் தரங்கம்பாடியில் இறங்கியவர் அவர். தமிழ் கற்றார், கடைசிவரை இந்த மண்ணிலேயே இருந்தார். 1779-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத் தூது போனபோது வழிச்செலவுக்கென்று ஹைதர் 300 ரூபாய் கொடுத்தார். அதைத் தம்மை அனுப்பிய சென்னை அரசிடம் ஒப்படைக்கப் பார்த்தார் சுவார்ட்ஸ். நீரே வைத்துக்கொள்ளும் என்றார்கள். அது தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று.

ஆனால் ஆராதனையில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கத்தை அவரும் பொறுத்துக்கொண்டார். எத்தனை புகழ்ந்தாலும் இந்தக் குறையை மறைக்கக் கூடாது. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவிட்டார். ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுப்பதைவிட, சபையை விட்டுப் போவதே மேல் என்று தஞ்சையில் பலர் விலகினார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஜெபம் தவறாதவர்கள்.

1798-இல் சுவார்ட்ஸ் இறந்த பிறகு, அவர் கட்டிய கோயிலில் வைப்பதற்காக தஞ்சை அரசர் இரண்டாம் சரபோஜி லண்டன் சிற்பி பிளாக்ஸ்மேனிடம் ஒரு பளிங்குச் சிற்பம் செய்யச் சொன்னார். சரபோஜி கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தவர். மரணப் படுக்கையில் கிடக்கும் பாதிரியாரின் கையைப் பிடித்தபடி அந்தக் கல்லில் அவரும் நிற்கிறார்.