செருப்பைப் பழக்குதல்

புதுச் செருப்பு கடிக்கிறது என்கிறோம். உரசுகிறது, அழுத்துகிறது என்று சொல்லியிருக்கலாம். பல் இல்லாத ஒன்றுக்கு நம் பேச்சு பல்லைக் கொடுத்திருக்கிறது. அது ஒரு காலத்தில் மாடாக இருந்தது என்பதை மொழி மறக்கவில்லை போலும். காங்கயம் காளையை ஏருக்குப் பழக்குவதற்கும் செருப்பைக் காலுக்குப் பழக்குவதற்கும் நம்மிடம் ஒரே வினைச்சொல்தான்.

நடப்பது எளிய காரியம். பதனிட்ட தோலின் நார்கள் விறைப்பாக இருக்கின்றன. உடம்பின் பாரமும் சூடும் வியர்வையும் அவற்றை நெகிழ்த்துகின்றன. விளக்கெண்ணெய் தடவி ஓர் இரவு வைத்தால் காரியம் கொஞ்சம் துரிதப்படும், அவ்வளவே. உக்கடத்தில் வாங்கி மாட்டிக்கொண்டு ஒப்பணக்கார வீதியைக் கடப்பதற்குள் கட்டைவிரல் வளையம் தன் வேலையைக் காட்டிவிடும் என்பது என் அனுபவம். ஆனால் தோல் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. காலும் கொப்பளித்து, உடைந்து, காய்த்துப்போகிறது. பத்து நாளில் இரண்டும் ஓர் உடன்பாட்டுக்கு வருகின்றன.

இந்தப் பத்து நாளை இன்னொருவர் தலையில் கட்ட முடியுமா? முடியும். இங்கிலாந்தின் இரண்டாம் எலிசபெத் ராணிக்கு அவருடைய உடைப் பொறுப்பாளர் ஆஞ்செலா கெல்லி, புதுக் காலணிகளைத் தாமே அணிந்து நடந்து பழக்கிக் கொடுத்தார். 2019இல் வெளிவந்த தம் நூலில் அவரே இதைச் சொல்கிறார். இருவருக்கும் கால் அளவு ஒன்று. இதில் கொடுமை என்று எதையும் காட்ட முடியாது. சம்பளம் உண்டு, சம்மதமும் உண்டு. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. வலி கைமாறியபோது, அதோடு வந்திருக்க வேண்டிய அறிவும் கைமாறிவிட்டது. ராணியின் கால் அந்தத் தோலோடு வழக்காடவே இல்லை.

கொங்கு நாட்டில் இதே கேள்வி வேறு முகம் கொண்டது. இங்கே செருப்புத் தைத்தவர்கள் அருந்ததியர். மாதாரி என்று ஊர் அவர்களை அழைத்தது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலை ஊறவைத்து, தட்டி, வெட்டித் தைத்தார்கள். கவலை இறைக்கும் சாலுக்கு வேண்டிய தோல் வேலையும் அவர்களுடையதே. 1932இல் பைகாரா மின்நிலையம் இயங்கத் தொடங்கி, பின்னர் கிணறுகளுக்கு மோட்டார் வந்து, கவலை மறைந்த பிறகும் பண்ணையக்காரர் காலில் அவர்கள் தைத்த செருப்பு இருந்தது. தைத்தவரோ பல ஊர்களில் அதை அணிந்து ஊர்த் தெருவில் நடக்கக் கூடாது. தெருமுனையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். விறைத்த தோலை வசப்படுத்தும் வித்தை முழுவதும் அறிந்தவர்களுக்கு அந்தத் தெருவில் செருப்புக் கடி இல்லை, முள்ளும் கொதிக்கிற மண்ணும் உண்டு. ஒரு வேதனையை மறுப்பதும் தண்டனையாக முடியும் என்பதை நான் இங்கிருந்துதான் அறிந்துகொள்கிறேன்.

1950இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. 1955இல் அதற்குத் தண்டனைச் சட்டம் வந்தது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அதை 2015இல் திருத்தியபோது, பொது இடத்தில் காலணி அணிவதைத் தடுப்பது குற்றம் என்று பெயர் சொல்லியே சேர்க்க வேண்டியிருந்தது. ஏட்டில் இருந்த சமத்துவம் காலுக்கு இறங்க 65 ஆண்டுகள்.

இறங்கியதா? 2023 டிசம்பரில், திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பகுதியில் உள்ள ராஜாவூரில், தலித் மக்கள் சுமார் 60 பேர் கம்பள நாயக்கர் தெருவில் முதல் முறையாகச் செருப்பணிந்து நடந்தார்கள். செய்தி பத்திரிகைகளில் வந்தது. படித்தபோது எனக்கு எழுந்த கேள்வி அடுத்த நாளைப் பற்றியது. 60 பேர் சேர்ந்து போவது ஊர்வலம். மறுநாள் காலையில் ஒரு பெண் தனியாக, பால் வாங்க, செருப்போடு அதே தெருவில் போவதுதான் நடை.

சட்டம் தைத்துக் கொடுக்கும் உரிமையும் புதுச் செருப்புதான். முதலில் அணிகிறவர் காலைத்தான் அது கடிக்கிறது. இங்கே ஓர் அநியாயம் இருக்கிறது. தலைமுறைகளாக வெறுங்காலில் நடந்தவர்களே இதையும் பழக்கிக்கொள்ள வேண்டுமா? நாம், எழுதுகிறவர்கள், அவர்களுக்காக நடந்து பழக்கிக் கொடுத்துவிட முடியாதா? முடியாது. என் கால் எந்தத் தெருவிலும் தடுக்கப்பட்டதல்ல; அங்கே நான் ஆயிரம் முறை போய் வந்தாலும் எதுவும் நெகிழப்போவதில்லை. கெல்லி ராணிக்குச் செய்ததை அந்தப் பெண்ணுக்கு யாரும் செய்ய இயலாது.

ஆனால் பழகுதலில் இரண்டு தரப்பும் இளகுகின்றன என்று மேலே சொன்னேன். காய்ப்பு முழுவதும் நடப்பவர் காலிலேயே ஏறுமானால் அதற்குப் பெயர் பழக்கம் அல்ல, சகிப்பு. இளக வேண்டிய மறு தரப்பு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. அது செய்ய வேண்டியது அபாரமான தியாகம் எதுவும் இல்லை. போகிறவர் காலைப் பார்க்காமலிருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தக் கூச்சத்தை, அந்த எரிச்சலை, பத்து நாள் தானே அனுபவித்துத் தீர்க்க வேண்டும். இதையும் இன்னொருவர் தலையில் கட்ட முடியாது.

பழகிய செருப்பு நினைவுக்கு வருவதில்லை. ஒரு தெரு பழகிவிட்டதா என்று அறியவும் எனக்கு வேறு சோதனை தெரியவில்லை. நேற்று இந்த வழியாகப் போனவர் செருப்புப் போட்டிருந்தாரா என்று கேட்டால், அங்கே யாருக்கும் ஞாபகம் இருக்கக் கூடாது.