அடையாளமும் அறிவும்

நுவரெலியாவில் கிரகெரி ஏரிக்கரையில் மாணவர் சிலருடன் நாம் நின்றிருந்த காலைப்பொழுது அது. பனிமூட்டம் கலைந்துகொண்டிருந்தது. நீரின் நடுவே கபில நிறச் சிறு பறவையொன்று மிதந்தது. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலைகீழாய் மூழ்கி மறைந்து, எதிர்பாராத இடத்தில் மீண்டும் எழுந்தது. “தாராக்குஞ்சு” என்றான் ஒரு மாணவன். ஆங்கிலப் படப்புத்தகமொன்றில் வடநாட்டு நீர்ப்பறவைகளைப் பார்த்திருந்த மாணவி ஒருத்தி, “இல்லை சேர், இது வடக்கேயிருந்து வந்த லூன்” என்றாள். இருவருக்கும் விடை சொல்லப் புகுந்த நாம், விடையைவிடப் பெரிய கேள்வியொன்றில் சிக்கிக்கொண்டோம். ஒன்றை அடையாளம் காண்பதும் அதனை அறிவதும் ஒன்றுதானா?

முதலில் விடையைச் சொல்லிவிடுவோம். பெரிய லூன் என்னும் வடதிசை முக்குளிப்பான் கனடா, அலாஸ்கா, கிரீன்லாந்து, ஐஸ்லாந்து முதலிய குளிர்நாட்டு ஏரிகளிலே குஞ்சு பொரித்து, மாரிக்காலத்தை வட அமெரிக்க, மேற்கு ஐரோப்பியக் கடலோரங்களில் கழிப்பது. இலங்கை அதன் பயணப் பாதையில் இல்லை. நாம் கண்டது சிறு முக்குளிப்பான். இத்தீவின் குளங்களிலே கூடுகட்டி வாழும் பறவை. லூன் முக்கால் மீற்றருக்கும் மேல் நீளமும் பல கிலோ எடையும் உடையது. இதுவோ ஒரு சாண் அளவைச் சற்றே தாண்டியது. லூனின் முன்விரல்கள் மூன்றையும் தாராவின் காலைப்போல் ஒரே சவ்வு இணைக்கிறது. முக்குளிப்பானின் ஒவ்வொரு விரலும் தனித்தனி இதழாக விரிந்திருக்கிறது.

இவ்வளவும் அடையாளமே. புத்தகத்தைப் புரட்டினால் கிடைப்பது. ஆனால் புத்தகத்துப் படத்தை மட்டும் நம்புகிறவன் விரைவில் ஏமாறுவான். கோடையில் லூனின் முதுகிலே கறுப்பும் வெள்ளையும் சதுரங்கக் கட்டங்களாய் ஒளிரும். மாரியிலே அதே பறவை மங்கிய சாம்பல் நிறத்தில் ஒதுங்கிக் கிடக்கும். சிறு முக்குளிப்பானும் இனப்பெருக்கக் காலத்திலே செங்கபிலக் கழுத்தும், அலகின் ஓரத்தில் வெளிர்மஞ்சள் பொட்டுமாய்த் தோன்றும். பின்னர் வெறும் மண்ணிறமாகும். ஒரு பருவத்தைக் கண்டவன் முழுப்பறவையையும் கண்டவன் ஆகான்.

அறிஞர்களும் ஏமாந்திருக்கிறார்கள். 1758இல் லின்னேயஸ் லூன்களையும் முக்குளிப்பான்களையும் ஒரே பேரினத்தில் அடக்கினார். இரண்டும் மூழ்கி இரைதேடுபவை. இரண்டுக்கும் கால்கள் உடலின் பின்கோடியில் அமைந்துள்ளன. இரண்டும் குஞ்சுகளை முதுகில் சுமப்பவை. இவை உறவினர் என்று நினைத்ததில் வியப்பென்ன? ஆனால் 2001 முதல் வெளிவந்த மரபணு ஆய்வுகள் வேறு கதை கூறின. முக்குளிப்பானின் மிக நெருங்கிய உறவு லூன் அன்று. மன்னார்க் கடலோரத்தில் நெடுங்கால்களுடன் நிற்கிறதே, அந்தப் பூநாரைதான்! லூனோ பென்குயின்களுக்கு அண்மையான வேறொரு கிளையைச் சேர்ந்தது. அவ்விரண்டையும் ஒன்றுபோல் தோன்றச் செய்தது பிறப்பன்று, தொழில். நீரில் மூழ்கும் வாழ்க்கைக்குத் தகுந்த உடலையே இயற்கைத் தேர்வு இரண்டு வேறு வழிகளிலும் தலைமுறை தலைமுறையாய் வடித்தெடுத்தது.

இன்னுமொன்று. பின்கோடியில் கால் அமைந்ததனால் இப்பறவைகள் தரையில் நடக்கத் தடுமாறுகின்றன. லூன் என்ற பெயரே தடுமாறி நடப்பதைக் குறித்த ஸ்காண்டிநேவியச் சொல்லொன்றிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. நீருக்கடியில் அம்பெனப் பாயும் பறவைக்கு, தரையில் நின்று பார்த்தவன் சூட்டிய பெயர் அது! பறவையைக் குறைகூறும் அந்தப் பெயர் உண்மையில் எதனைக் காட்டுகிறது? பார்த்தவன் நின்ற இடத்தை அல்லவா காட்டுகிறது?

இந்த இடத்தில் ஆசிரியர்களாகிய நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். லயத்து அறையில் விளக்கடியில் இடமின்றி, கொழுந்தெடுக்கப் போன தாய் திரும்பும்வரை தம்பி தங்கையரைச் சுமந்திருந்த பிள்ளையை, நமது தரையில் நிறுத்தி வைத்து ‘மந்தம்’ என்று எழுதியதில்லையா? தளிரையும் முற்றிய இலையையும் கண்ணெடுத்துப் பாராமலே பிரித்தறிகிறது அவள் தாயின் விரல். அந்த விரலின் அறிவைத் ‘திறனற்ற உழைப்பு’ என்று பிறர் சொன்னபோது நாமும் தலையசைத்ததில்லையா?

மலையகத்து மனிதனுக்கு அடையாளம் சூட்டுவதில் இந்நாடு சலித்ததே இல்லை. ‘கள்ளத்தோணி’ என்றார்கள், ‘தோட்டக்காட்டான்’ என்றார்கள். தமிழ் பேசுவோரே ‘வடக்கத்தியான்’ என்றார்கள். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு ‘இந்தியத் தமிழர்’ என்று தனிக்கட்டத்தில் எழுதியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமோ, இம்மண்ணில் பிறந்தது போதாது என்றது. தந்தை இங்கே பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டச் சொன்னது. பிறப்புச் சான்றுக்கு அவர்கள் எங்கே போவார்கள்? 1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான ஒப்பந்தம் 9,75,000 மக்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்க்கலாம் என்று பங்கிட்டது. நாடற்றோர் என்ற நிலையைத் துடைக்க 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பறவை நூலாரின் விதியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இங்கே கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் பறவையை இந்நாட்டுப் பறவை என்றே எழுதுகிறார்கள். அதன் பாட்டன் எந்தக் குளத்தில் பொரித்தான் என்று எவரும் கேட்பதில்லை. காஷ்மீரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு மாரியில் இம்மலைகளுக்கு வரும் காஷ்மீர ஈப்பிடிப்பானை, நுவரெலியாவின் விக்ரோரியாப் பூங்காவில் தொலைநோக்கியுடன் காத்திருந்து வரவேற்கிறார்கள். வடக்கேயிருந்து வருவது பறவைக்குப் பெருமையாகிறது. மனிதனுக்கு மட்டும் வசையாகிறது.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. பறவையிடமிருந்து மனிதனுக்கு நீதி கற்கப் புறப்படுவது ஆபத்தான வழி. ‘வலியது வாழும்’ என்று இயற்கையைச் சாட்சிக்கு அழைத்து ஏகாதிபத்தியத்துக்கும் இனவெறிக்கும் நியாயம் தேடியவர்கள் உண்டு. மனிதனின் உரிமை பறவையின் வாழ்விடம்போல் இயற்கை தந்ததன்று. போராடிப் பெற்றது, போராடிக் காக்கவேண்டியது. ஆகவே நாம் கற்கவேண்டியது பறவையின் நடத்தையை அன்று, பறவையை நேர்மையாக அறிய முயன்றவர்களின் முறையை. அவர்களுக்குப் பெயர் ஆய்வின் தொடக்கம். எல்லாப் பருவத்திலும் பார்த்தார்கள். நீரிலேயே வைத்துப் பார்த்தார்கள். இருநூற்றைம்பது ஆண்டுகால உறவுமுறை பிழையென்று தெரிந்ததும் ஏட்டைத் திருத்தினார்கள். அதிகாரத்துக்கோ பெயர்தான் முடிவு. சூட்டியபின் அது பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. அறிவு தன் பிழையைத் தானே தேடுகிறது. அதிகாரத்தின் பிழையை, அதனால் துன்புற்றவன்தான் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

அடையாளமே வேண்டாம் என்பதன்று நம் கட்சி. பெயரின்றி அறிவில்லை, ‘மலையகத் தமிழர்’ என்று அம்மக்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயர் அவர்களின் வரலாற்றுரிமை. பெயரை யார் சூட்டுகிறார், எதற்காகச் சூட்டுகிறார், சூட்டியபின் தொடர்ந்து பார்க்கிறாரா என்பதே கேள்வி.

அன்று ஏரிக்கரையில் நாம் ‘தாராவுமன்று, லூனுமன்று’ என்று சொல்லி முடித்திருந்தால் பாடம் அத்தோடு முடிந்திருக்கும். முடிக்கவில்லை, பறவை மீண்டும் மூழ்கியது. எங்கே எழும் என்று மாணவர்கள் பந்தயம் கட்டினார்கள். ஒவ்வொரு முறையும் தோற்றார்கள். ஒவ்வொரு முறையும் முன்னிலும் கூர்ந்து பார்த்தார்கள்.

வகுப்பறையிலும் நாம் செய்யவேண்டியது அதுவே.