கடற்கட்டியின் மந்திரமும் அரசின் சம்பளமும்

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்டால், திருச்செந்தூரை அடுத்த வீரபாண்டியன்பட்டினம் முதல் கீழக்கரை வரையிலான கடற்கரையிலிருந்து பரதவரும் முஸ்லிம்களும் தோணியேறி இலங்கைக்குப் போவார்கள். சிலாவத்துறையிலும் மறிச்சுக்கட்டியிலும் சில வாரங்களுக்கு ஒரு ஊரே முளைக்கும். நாளையும் தோணிக் கணக்கையும் பங்கையும் வகுத்தது ஆங்கில அரசு. கோட்டு எனப்பட்ட கொட்டகையில் குளியாளே சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பான். அதிகாரி இரண்டைச் சுட்டி எடுத்துக்கொள்வார். மிச்சம் ஒன்றுதான் குளியாளுக்கு.

அந்த அரசுக்கு இன்னொரு ஆளும் தேவைப்பட்டான்: சுறாவின் வாயைக் கட்டும் கடற்கட்டி. அவன் மந்திரம் ஓதாமல் குளியாள் கடலில் இறங்கமாட்டான். மந்திரத்தில் நம்பிக்கையில்லாத அரசே அவனுக்குச் சம்பளம் கொடுத்தது. பரம்பரைத் தொழில் அது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தக் குடும்பத்தின் தலைவர் கத்தோலிக்கர் என்று இலங்கையில் ஆங்கில அரசின் அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். பரதவர் 1530களிலேயே ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஆகவே இதில் வியப்பில்லை.

வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஓதுபவரின் மதம் மந்திரத்தின் பலனைக் குறைப்பதாக யாரும் கருதவில்லை. பலன் சொல்லிலா, சொல்பவரின் விசுவாசத்திலா, கேட்பவரின் துணிவிலா? திருச்சபையின் இறையியலும் இதே கேள்வியைச் சந்தித்தது: குருவானவரின் தகுதி குறைந்தாலும் திருவருட்சாதனம் செல்லும் என்பது அதன் விடை. குளியாளின் விடையும் அதற்கு வெகு தூரமில்லை. அரசோ மூன்றாவதைப் பிடித்துக்கொண்டது; அது நேர்மையான கணக்கு, வழிபாடு அல்ல.

குளியாட்கள் தோணியேறிய அதே கரையிலுள்ள தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது.